எல்லாம் வேர் செய்த வேலை

ஆசிட் ஊற்றியது தப்பு என்று ஹெஸ்கியேல் பூய்ஸுக்கு உறைத்தபோது, சமையலறைத் தொட்டியின் அடிக்குழாய் இளகிக் கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்து கிடந்தது.

"அப்பா, நகருங்க. கால் பத்திரம்."

"காலுக்கு ஒண்ணும் இல்ல சுசானா. செருப்புதான் போச்சு."

"நாத்தம் போச்சா?"

ஹெஸ்கியேல் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஆசிட் நெடி கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் பழைய நாற்றம் அப்படியே இருந்தது.

"போகல" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வருகிற சனிக்கிழமை பெத்தானி ஊரிலிருந்து அப்போலஸ் குடும்பத்தார் சுசானாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். வருவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் தாய்மாமன் கிளாஸ் தன் வீட்டு வாசலிலேயே அவர்களை வெயிலில் நிற்கவைத்து, "யாரு நீங்க, ஆடு ஏதும் காணாமப் போச்சா, இங்க என்ன தேடுறீங்க" என்று கேட்டு விரட்டியடித்துவிட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அங்கே வழக்கமே அதுதான். கேட்டதும் தூக்கிக் கொடுத்தால் பெண்ணுக்கு என்ன மதிப்பு? ஆனால் மூன்றாவது தடவை பெற்றவன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியாக வேண்டும். அந்த வீட்டில்தான் மனுஷன் உட்கார முடியவில்லை.

லீனா இறந்து இரண்டு மாதத்தில் தொடங்கிய நாற்றம் அது. முதலில் நடைவழியில் லேசாகக் கிளம்பியது. பிறகு கூடத்துக்கு வந்தது, சமையலறைக்கு வந்தது, கடைசியில் படுக்கைக்கே வந்துவிட்டது. மனைவி போனதும் வீடும் அழுக ஆரம்பித்துவிட்டது என்று ஹெஸ்கியேல் நினைத்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சுசானா வெளியூரில் டீச்சர் வேலையில் இருந்தவள். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவள் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது என்பது காரணம். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தன் வயிற்றுக்காக மகள் வாழ்க்கை இந்த வீட்டிலேயே முடங்கிவிடுமோ என்ற பயம் ஹெஸ்கியேலை நாற்றத்தைவிட அதிகமாக அரித்தது. பெனெடிக்ட் அப்போலஸ் நல்ல பையன். இதுவும் தட்டிப்போனால் அடுத்த வரன் எங்கிருந்து வரும்?

புதன்கிழமை காலை கிளாஸ் வந்தார். வாசலிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"என்ன மாப்ள, உள்ள யாரும் செத்துக் கிடக்கறாங்களா?"

"ஆசிட் ஊத்தினேன் மச்சான்."

"உன்னை யாரு ஊத்தச் சொன்னது? ரயில்ல கொடி காட்டினவனுக்குக் குழாய் வேலை எதுக்கு? ஃபானியைக் கூப்பிடு."

ஃபானி ஊருக்கு ஒரே பிளம்பர். யார் வீட்டில் என்ன கோளாறு என்றாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: வேர். பாலைவன ஊரான கீட்மன்ஸ்ஹூப்பில் அது முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். மழை எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற ஊர். மண்ணுக்கடியில் ஈரம் என்று இருப்பதே சாக்கடைக் குழாய்க்குள்தான். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு சீமைக் கருவேல வேர் எங்கிருந்தாவது வந்துசேரும்.

ஃபானி வந்ததும் கொல்லைக் கருவேல மரத்தைத்தான் பார்த்தான். குழாயைப் பார்க்கவே இல்லை.

"வேர்தான் அண்ணே."

"இன்னும் நீ உள்ளயே வரலியேடா."

"மரம் இங்க, குழாய் அங்க. இதுல உள்ள வந்து பாக்க என்ன இருக்கு?"

இருந்தாலும் சமையலறைத் தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டிவிட்டு, கடமைக்கு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். நடைவழிக் கோடியில் பூட்டியிருந்த கதவின் முன் நின்றான்.

"இது என்ன ரூம்?"

"விருந்தாளி ரூம். குளியலறை கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கு. யாரும் புழங்கறது இல்ல."

"திறங்க, பாத்துருவோம்."

"அதுல சொட்டுத் தண்ணி போகல. தண்ணி போகாத இடத்துல என்னடா அடைப்பு வரும்?"

பேச்சில் நியாயம் இருந்தது. ஃபானி தலையாட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டான். சாவி ஹெஸ்கியேலின் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த அறைக்குள் லீனாவின் துணிமணி, சர்ச்சுக்குப் போட்டுப் போகும் தொப்பி, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு எல்லாம் இருந்தன. அடக்கம் முடிந்த அன்று எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டுப் பூட்டினவர் இன்றுவரை திறக்கவில்லை. அவள் இருந்தபோது அந்த அறையில் எப்போதும் துவைத்த விரிப்பு போட்டிருக்கும். "யாரு வரப்போறா?" என்று இவர் கேட்பார். "வருவாங்க" என்பாள். யாரும் வந்ததில்லை.

ஃபானி முற்றத்துச் சாக்கடை மூடியைத் திறந்து அடைப்பெடுக்கும் கம்பியை விட்டான். அது தாடி தாடியாக வேரை வாரிக்கொண்டு வந்தது. கிளாஸ் அதைக் கையில் வாங்கி, தானே பிடித்த மீனைப் போலத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா மாப்ள. இதை வெச்சுக்கிட்டு நீ ஆசிட் ஊத்திட்டிருந்தே."

ஹெஸ்கியேலுக்கு உயிர் வந்தது. ஆனால் நாற்றம் குறையவில்லை. ஃபானி மறுபடியும் கம்பியை விட்டான். இந்தத் தடவை கம்பி உள்ளே போனதோடு சரி. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அதுவரை நாறிக்கொண்டு மட்டும் இருந்த வீட்டில் இப்போது தண்ணீரும் போகவில்லை. அதுவரை வராத அடைப்பு அன்று மத்தியானம் முறைப்படி வந்து சேர்ந்தது.

"கம்பி கக்கூஸ் பக்கமா சிக்கியிருக்கு" என்று ஃபானி கக்கூஸ் கோப்பையைப் பெயர்த்தெடுத்து முற்றத்தில் கொண்டுபோய் வைத்தான். ஓட்டையில் கோணியைத் திணித்துக் கல்லை வைத்து அடைத்தான். கம்பி அங்கேயும் இல்லை.

"மரம் இருக்கிற வரைக்கும் இது தீராது அண்ணே. நான் எடுக்க எடுக்க அது விட்டுக்கிட்டே இருக்கும்."

"மரத்தை வெட்டணுங்கறியா?"

"நான் சொல்லல. வேர் சொல்லுது."

சுசானா பிறந்த வருஷம் லீனா வைத்த மரம் அது. எரியும் வெயிலில் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே நிழல். சாயங்காலங்களில் லீனா அதனடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். காய்க்காக வரும் அடுத்த வீட்டு ஆடுகளை விரட்டுவதுபோல் கையை வீசிவிட்டு, விரட்டாமல் விட்டுவிடுவாள்.

"அப்பா, மரத்தை விட்டுருங்க" என்றாள் சுசானா. "அவங்ககிட்ட தேதியைத் தள்ளிப்போடச் சொல்லலாம்."

"மூணாவது தடவையைத் தள்ளிப்போட்டா முடியாதுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

அவள் உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை கிளாஸ் ரம்பத்தோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார். ஹெஸ்கியேல் வீட்டின் முன்பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரம் விழுந்த சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம், புழுதியும் பறந்தது. பின்னால் வந்து பார்த்தபோது முற்றம் முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டு ஆடுகள் விழுந்த கிளைகளைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றைக் கையை வீசி விரட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளம் தோண்டினார்கள். அந்த ஊர் மண் வெயிலில் சுண்ணாம்புப் பாறையாக இறுகிக் கிடக்கும். கடப்பாரை ஒவ்வொரு குத்துக்கும் திருப்பிக் குத்தியது. கொல்லையிலிருந்து வாசல்படி வரை தோண்டிக்கொண்டு வந்து, கடைசியில் கிளாஸ் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கம்பி கிடைத்துவிட்டது. குழாயும் இரண்டாக உடைந்துவிட்டது. உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது.

"கிடைச்சிருச்சுல்ல" என்றார் கிளாஸ், முழங்கால்வரை நனைந்து நின்றபடி.

அடுத்த வீட்டுக்காரர்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை. பண்ணைக்குப் போகிறோம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஃபானி உடைந்த குழாய்க்கு மாற்றுத் துண்டு வாங்கிவருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை.

ஒன்று மட்டும் நல்லது நடந்தது. அந்த ஊர் வெயில் எதையும் ஈரமாக விட்டுவைக்காது. கிளாஸ் அடியில் மணலைத் தூவியதும், சனிக்கிழமை விடிவதற்குள் பள்ளம் காய்ந்து வெறும் பள்ளமாகிவிட்டது. முற்றத்தில் நின்றால் நாற்றமே இல்லை. ஹெஸ்கியேல் சந்தோஷமாக வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அதே பழைய நாற்றம், மரம் போனதையும் குழாய் உடைந்ததையும் கேள்விப்படாததுபோல, வந்து முகத்தில் அடித்தது.

"இன்னும் எங்கயோ வேர் இருக்கு" என்றார் கிளாஸ்.

"இனி வெட்டறதுக்கு என்னைத் தவிர ஒண்ணும் பாக்கி இல்ல மச்சான்."

அப்போலஸ் குடும்பத்தார் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். பெனெடிக்டின் பெரியப்பா யோகன்னஸ் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அவருடைய தங்கை ரெபெக்கா, சர்க்கரை வியாதிக்காரி, தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பெனெடிக்ட் வழக்கப்படி எல்லாருக்கும் பின்னால் தலையைக் குனிந்து நின்றான்.

யோகன்னஸ் பள்ளத்தைப் பார்த்தார். அதன்மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையைப் பார்த்தார். வெட்டுப்பட்ட அடிமரத்தைப் பார்த்தார். முற்றத்தின் நடுவில் வைத்திருந்த கக்கூஸ் கோப்பையை வெகுநேரம் பார்த்தார்.

"நாங்களும் நாலு இடத்துல பொண்ணு கேட்டிருக்கோம்" என்றார் மெதுவாக. "வெயில்ல நிக்க வெப்பாங்க. நிழலையே வெட்டிப்போட்ட வீட்டை இப்பத்தான் பாக்கறேன்."

ஹெஸ்கியேல் வாயைத் திறந்தார். கிளாஸ் அவர் காலை மிதித்தார்.

"வேண்டாம்னா திரும்பிப் போலாம்" என்றார் கிளாஸ் கம்பீரமாக. "எங்க பொண்ணு சும்மா கிடைக்க மாட்டா."

"அகழி வெட்டியிருக்கீங்க. தாண்டறோம்" என்றார் யோகன்னஸ். கோப்பையை நோக்கிக் கையை நீட்டினார். "அது எனக்குப் போட்ட ஆசனமா?"

"விருப்பம் இருந்தா உட்காரலாம்."

யோகன்னஸ் கோட்டைச் சரிசெய்துகொண்டு போய் அதில் உட்கார்ந்தார். அவர் வீட்டார் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தோற்றதாக அர்த்தம். கிளாஸ் அவர் முன் நின்று, உங்க பையன் குடிப்பானா, உங்க வீட்டு ஆடு எங்க வீட்டு ஆட்டைவிட உசத்தியா, எங்க பொண்ணுக்குப் படிப்பு இருக்கு, உங்க பையனுக்கு என்ன இருக்கு என்று வரிசையாகக் கேட்டு முடித்தார். எல்லாவற்றுக்கும் யோகன்னஸ் அந்த ஆசனத்தில் இருந்தபடியே நிதானமாகப் பதில் சொன்னார். ஹெஸ்கியேலுக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டாகிவிட்டது.

பிறகு உள்ளே கூப்பிட்டே ஆகவேண்டிய நேரம் வந்தது.

ஒவ்வொருவராகப் பலகையில் நடந்து கூடத்துக்குள் வந்தார்கள். வந்த வேகத்தில் ஒவ்வொருவராக மூச்சை நிறுத்தினார்கள். பெனெடிக்டின் கண்ணில் தண்ணீர் வந்தது. யோகன்னஸ் முகம் மெல்லச் சிவந்தது. மூக்கைப் பிடிக்காமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"ஐயா, வெயில்ல நிக்கச் சொன்னீங்க, நின்னோம். கக்கூஸ்ல உட்காரச் சொன்னீங்க, உட்கார்ந்தேன். ஆனா வீட்டுக்குள்ள கூப்பிட்டும் இப்படிப் பண்றீங்கன்னா, இது சோதனை இல்ல. பொண்ணு குடுக்க மனசு இல்லைன்னு சொல்றீங்க. புரிஞ்சுக்கிட்டோம். பெனெடிக்ட், கிளம்பு."

சமையலறை வாசலில் நின்ற சுசானாவின் முகம் வெளுத்துப்போனது. ஹெஸ்கியேல் கிளாஸின் காலுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்து நின்றார்.

"ஐயா, சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீடு நிஜமாவே நாறுது. என் பொண்டாட்டி போனதுலேர்ந்து நாறுது. அதுக்காகத்தான் மரத்தை வெட்டினேன், பள்ளம் தோண்டினேன், அந்தக் கோப்பை... அதுல உங்களை உட்காரவெச்சதுக்கு என்னை மன்னிச்சிருங்க. பொண்ணு குடுக்க எனக்கு மனசு இருக்கு. அதைத் தவிர வேற எதுவும் இந்த மனசுல இல்ல."

"மாப்ள, மூணு மாச வேலையைக் கெடுத்துட்டியே" என்று முனகினார் கிளாஸ்.

நம்புவதா வேண்டாமா என்று யோகன்னஸுக்குத் தெரியவில்லை. இதுவும் சோதனையின் ஒரு பாகமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அதற்குள் ரெபெக்காவின் குரல் கேட்டது. "அண்ணே, நம்பறதோ கிளம்பறதோ அப்புறம் பேசுங்க. பெத்தானி வரைக்கும் என்னால அடக்க முடியாது. நான் ஒதுங்கணும்."

எல்லாரும் ஜன்னல் வழியாக முற்றத்துக் கோப்பையைப் பார்த்தார்கள்.

"அப்பா" என்றாள் சுசானா. கையை நீட்டினாள்.

ஹெஸ்கியேல் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றார். சாவியைக் கொடுத்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் அந்தத் தொப்பி தெரியும். மகளின் கை நீட்டியபடியே இருந்தது. சாவியை எடுத்து அதில் வைத்தார்.

சுசானா வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ரெபெக்காவை நடைவழியில் கூட்டிப்போனாள். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. நாற்றம் ஒரு கணம் இரட்டிப்பாகக் கிளம்பியது. கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் ஊற்றி, பிறகு இன்னொரு இடத்தில் ஊற்றி, பிறகு மறுபடியும். இத்தனை தண்ணீரா என்று ஹெஸ்கியேலுக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. அணை வற்றிய வருஷங்களில் ஒரு குவளைக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவர் அவர். லீனாவோடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டையே அதில்தான். சர்ச்சுக்குக் கிளம்புமுன் அவள் ஒரு குவளைத் தண்ணீரோடு வீட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டுக் காலிக் குவளையோடு வருவாள். "என்ன, வீட்டுக்கு ஞானஸ்நானமா? தண்ணி தண்டம்" என்பார். "உங்க வேலையைப் பாருங்க" என்பாள். எங்கே ஊற்றுகிறாள் என்று இவர் ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

சுசானா திரும்பிவந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் யோகன்னஸ் மறுபடியும் உட்கார்ந்து, இந்தத் தடவை கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பெனெடிக்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். கிளாஸ் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அடுப்பிலிருந்த ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை கூடத்துக்கு வந்தது. அந்த வீட்டில் சமையல் வாசனை வந்து பல மாதம் ஆகியிருந்தது.

ரெபெக்கா காலி வாளியோடு வந்து சேர்ந்தாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? அங்க தரையில இருக்கிற ஓட்டை, கக்கூஸ், தொட்டி எல்லாம் வறண்டு கிடந்துச்சு. குழாய் வளைவுல தண்ணி நின்னாத்தான் சாக்கடைக் காத்து மேல வராது. புழங்காத ரூமுன்னா இந்த வெயிலுக்கு அது வத்திப்போயிரும். வாரம் ஒரு மக் ஊத்திட்டா போதும், வேற ஒரு செலவும் இல்ல."

அவள் வாளியை ஹெஸ்கியேலின் காலடியில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெறுமனே நின்ற அடிமரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது சரி, இத்தனை வருஷமா வீடு நாறாமத்தானே இருந்திருக்கு? அதுவரைக்கும் யாரு சம்பந்தி ஊத்திக்கிட்டு இருந்தது?"